குறிச்சொல்லுக்கு முந்தைய சர்ச்சை: ‘மாதொருபாகன்’ விவகாரமும் சமூக ஊடக ஆய்வுமுறையும்

பொதுச் சர்ச்சைகளைச் சமூக ஊடகத் தரவுகளின்வழி ஆராயும் முறை தமிழியல் ஆய்வாளர்களையும் ஈர்த்து வருகிறது. ஒரு குறிச்சொல்லைத் தேர்ந்து, அது இடம்பெற்ற பதிவுகளைத் திரட்டி, யார் யாருடைய பதிவைப் பகிர்ந்தார் என்பதை வலைப்பின்னல் வரைபடமாக்குவது இதன் பழகிய வழி. வரைபடத்தில் இரு திரள்கள் தென்பட்டதும் சர்ச்சையின் இரு தரப்புகள் கண்டறியப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. இம்முடிவு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் குறித்த சர்ச்சையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊடகத்தின் போக்கையே பின்தொடர வேண்டும் என்பது ரிச்சர்ட் ரோஜர்ஸின் எண்ணிம முறையியல் வலியுறுத்தும் கருத்து. நோர்ட்யே மாரெஸ் 2015இல் எழுப்பிய வினா இதனினும் கூர்மையானது: நாம் காண்பது சிக்கலின் இயக்கமா, தளத்தின் இயக்கமா? தமிழ்த் தரவுகளைக் கையாள்வோர் இவ்வினாவை எளிதில் கடந்துவிடுகின்றனர் என்பது என் கருத்து.

நாவல் 2010இல் வெளிவந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வந்தது. எதிர்ப்பு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் மூண்டது. நாவலின் சில பக்கங்கள் நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் விநியோகிக்கப்பட்டன, பிரதிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சுவார்த்தையில், நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரவும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் நூலாசிரியர் உடன்பட வேண்டியதாயிற்று. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தது இதற்குப் பிறகே. நாடெங்கும் கவனம் குவிந்ததும் அவ்வறிவிப்பை ஒட்டித்தான்.

எனவே, குறிச்சொல்லிலிருந்து தொடங்கும் ஆய்வு, ஊருக்குள் சர்ச்சை முடித்துவைக்கப்பட்ட பின்னரே களத்தில் நுழைகிறது. அங்கு அதற்குக் கிடைக்கும் இரு தரப்புகள் கருத்துச் சுதந்திரமும் மனம் புண்படுதலும். திருச்செங்கோட்டில் எழுந்த வினாக்கள் வேறு. உண்மையான ஊரையும் கோயில் திருவிழாவையும் சாதியையும் பெயர் சுட்டிப் புனையலாமா, குழந்தைப்பேறு குறித்த வழக்கம் ஒன்றைப் புனைவாக்குவது வம்சத்தின் மீதான பழியாகுமா, இவற்றைப் பேச யாருக்கு உரிமை என்பன அவை. எதிர்ப்பாளரின் நிலைப்பாட்டை ஏற்காதவரும் இவ்வினாக்களை ஆய்வில் பதிவுசெய்தாக வேண்டும்.

மொழிசார்ந்த இடர்ப்பாடு இன்னும் நுட்பமானது. ‘மாதொருபாகன்’ என்பது முதலில் திருச்செங்கோட்டு இறைவனின் பெயர். நாவலின் பெயர் அடுத்ததே. அச்சொல்லைத் தேடினால் பக்திப் பதிவுகளும் சேர்ந்தே வரும். ‘மாதொருபாகனை’, ‘மாதொருபாகனில்’ முதலிய வேற்றுமை வடிவங்களோ சிக்காமல் நழுவும். ஒருங்குறியில் புள்ளி பெற்ற ‘ன்’ உயிர்க்குறி ஏறியதும் வேறு எழுத்துத் தொடராகிவிடுகிறது. ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியையும் ஒரே குறியீடாகவோ இரண்டாகவோ பதியலாம். திரையில் வேறுபாடே தெரியாது. குறியீடுகளை ஒருசீராக்காத நிரல் அவற்றை இரு சொற்களாகவே எண்ணும். ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழையும் எழுத்துகள் படமாக ஏற்றப்பட்ட பதிவுகளையும் சேர்த்தால் இழப்பு மேலும் பெருகும். நாவலின் ஆங்கிலத் தலைப்புக்கோ இத்தகைய தொல்லை எதுவும் இல்லை. விளைவாக, கருவியே ஆங்கில வாசகரின் தரப்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வேற்றுமை வடிவங்களைப் பட்டியலிடுவது சலிப்பூட்டும் வேலைதான்; இலக்கணம் கற்ற ஆய்வாளர் கணினியியலாருக்குக் கைகொடுக்கக்கூடிய இடமும் அதுவே.

குறிச்சொல் முறை எங்கும் பயனற்றது என்பதன்று. 2017 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் சமூக ஊடகம் திரட்டலின் உறுப்பாகவே இயங்கியது; அங்கு அம்முறை ஓரளவு பொருந்தும். ஒரு சர்ச்சையில் தளம் களமா, எதிரொலியா என்பதை முடிவுசெய்த பின்னரே தரவைத் திரட்டத் தொடங்க வேண்டும்.

ட்விட்டர் 2023இல் இலவசத் தரவு அணுக்கத்தை நிறுத்தியது. மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் கிரௌட்டேங்கிளை மூடியது. இவற்றால் ஆய்வே முடங்கியதாகக் கருதுவோர் உளர். இச்சர்ச்சையைப் பொறுத்தவரை அவ்வருத்தம் மிகையானது. நாமக்கல் உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று கூறிய சென்னை உயர்நீதிமன்றத்தின் 2016 ஜூலை 5ஆம் நாள் தீர்ப்பில் இரு தரப்பு வாதங்களும் விரிவாகக் கிடைக்கின்றன. அத்துடன் வைத்துப் படிக்க வேண்டியவை, ஊரில் கைமாறிய அந்த நகல் தாள்கள். நாவலின் எப்பக்கங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன, எவை விடப்பட்டன என்பதிலிருந்தே எதிர்ப்பாளர் அதனை எவ்வாறு வாசித்தனர் என்பதை ஆராயத் தொடங்கலாம்.