வில்லன் விமானத்துக்குப் பித்தளை இறக்கை

இந்தக் குட்டி மாதிரி விமானம் உள்ளங்கையில் அடங்கிவிடும். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர். இதற்காகத்தான் நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளைத் திருடிக்கொண்டிருந்தேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன்: என் கையால் செய்ததில் இவ்வளவு அழகான பொருள் வேறு கிடையாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து ஒருமுறை பார்க்கிறேன். இரவு விளக்கை அணைக்கப்போனவன் திரும்பி வந்து இன்னொருமுறை பார்க்கிறேன்.

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘போர்க்கோ ரோஸ்ஸோ’ படம் 1992இல் வந்தது. பன்றிமுக விமானி, ஏட்ரியாட்டிக் கடல், வான்கொள்ளைக்காரர்கள், ஒரு சிவப்பு விமானம். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தச் சிவப்பு விமானத்தில்தான் மயங்குவார்கள். எனக்குப் பிடித்ததோ எதிராளியின் விமானம். டொனால்ட் கர்ட்டிஸ் என்ற அமெரிக்க அலட்டல்காரன் ஓட்டுகிற நீல நிற மிதவை விமானம், கர்ட்டிஸ் ஆர்3சி-0. அதன் துண்டுகளை ஒட்டிச் செய்யும் கிட் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோதே மனைவி கேட்டாள்: “ஏங்க, ஹீரோவோட விமானம் கடையில இல்லையா?” இருந்தது. நான்தான் இதை எடுத்தேன்.

சிவப்பு விமானம் பறக்கும் படகு வகை. அதன் உடலே தண்ணீரில் உட்கார்ந்துவிடும். கர்ட்டிஸுடையது அப்படியல்ல. மெல்லிய உடல், இரண்டடுக்கு இறக்கை, கீழே கொக்குக் கால்கள், அந்தக் கால்களுக்கு நீண்ட இரண்டு மிதவைகள். செருப்புப் போட்டுக்கொண்டு தண்ணீர்மேல் நிற்கிற மாதிரி ஒரு திமிர். அந்தத் திமிருக்குத்தான் விழுந்தேன்.

பெயரில் உள்ள சைபரைக் கவனியுங்கள். ஆர்3சி-1, ஆர்3சி-2 இரண்டும் நிஜ விமானங்கள். சக்கரம் வைத்தது ஒன்று, மிதவை வைத்தது இரண்டு. 1925 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த, நீர் விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பைப் போட்டியில் ஜிம்மி டூலிட்டில் ஓட்டிய ஆர்3சி-2 மணிக்குச் சுமார் 374 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஜெயித்தது. மூன்றாவதாக வந்தது இத்தாலியின் மக்கி எம்.33 என்ற பறக்கும் படகு, மணிக்குச் சுமார் 271. படத்தின் சிவப்பு விமானத்தில் இந்த மக்கியின் சாயல் அப்படியே தெரியும். ஆக, படத்தில் கதாநாயகனும் வில்லனும் மோதிக்கொள்கிறார்களே, அந்த மோதலின் பாட்டன்கள் 1925லேயே ஒரே வானத்தில் போட்டி போட்டுவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. அதே டூலிட்டில்தான் 1942 ஏப்ரல் 18 அன்று 16 குண்டுவீச்சு விமானங்களோடு ஜப்பானைத் தாக்க வந்தவர். அன்று குண்டு விழுந்த ஊர்களில் நாகோயாவும் ஒன்று. நான் குடியிருக்கும் ஊர். அவர் கோப்பை வென்ற விமானத்தின் கற்பனைத் தம்பியை உருவாக்கியவர் ஒரு ஜப்பானியர். அதற்குக் கிட் போடும் ஃபைன் மோல்ட்ஸ் நிறுவனம், இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய டொயோஹாஷியில் இருக்கிறது. அமெரிக்க வேக விமானத்தின்மேல் இவ்வளவு பிரியம் வைத்து இவர்களே வார்த்துத் தருகிறார்கள். வரலாறு இப்படியும் திரும்பும் போலிருக்கிறது.

பெட்டியில் ஜப்பானிய மொழியில் விமானத்துக்கு ஒரு அடைமொழி போட்டிருக்கிறார்கள். தமிழில் சொன்னால் ‘பகிரங்கமாக ஒப்புக்கொள்ளப்படாத நீர்ப்போர் விமானம்’ என்று வரும். யாரும் ஒப்புக்கொள்ளாத விமானம் என்றால் அதில் என் கைவரிசையைக் காட்டினால் யார் கேட்பார்கள்?

இங்கேதான் வம்பு ஆரம்பித்தது. நிஜ விமானத்தைச் செய்தால் ஆணி எண்ணும் ஆசாமிகள் வருவார்கள். நீலம் ஒரு பிடி கூடிப்போச்சு, அந்த மூடி 1926க்கு அப்புறம் வந்தது என்பார்கள். கற்பனை விமானத்தில் அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு தெரிந்தது, கேட்க ஆளில்லாத இடத்தில் நம் மனசாட்சியே ஆணி எண்ண ஆரம்பித்துவிடும். நான் வைக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் ‘இது ஏன் இங்கே?’ என்று அது கேட்கும். பதில் இல்லாவிட்டால் அந்த இடம் பொம்மையாகத் தெரியும்.

ஆகவே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கர்ட்டிஸுக்குச் சண்டை அலுத்துப்போகிறது. துப்பாக்கிகளைக் கழற்றி விற்றுவிட்டுப் பந்தயத்துக்கே போகிறான். அப்படியானால் மூக்கில் துப்பாக்கித் துளை கூடாது. பட்டி வைத்து அடைத்து, 600ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு ஆயிரம் என்று தேய்த்து வழித்துவிட்டேன். பக்கவாட்டில் டூலிட்டில் ஓட்டிய எண் 3. உடலுக்குப் படத்தின் நீலமேதான், அதில் கை வைக்க மனசு வரவில்லை. இறக்கைக்குப் பித்தளை.

ஏன் பித்தளை? நிஜ ஆர்3சியின் இறக்கைதான் அதன் ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குத் தனிப்பெட்டி வைத்தால் காற்று அதில் முட்டி வேகம் குறையும். அதனால் இறக்கையின்மேல் மெல்லிய நெளிவுப் பித்தளைத் தகடு போர்த்தி, சூடான தண்ணீரை அதற்குள் ஓடவிட்டார்கள். இறக்கை முழுக்க ஆறவைக்கும் தட்டு! அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகம் பாதுகாத்துவரும் ஆர்3சி-2வின் படத்தைப் பாருங்கள். கறுப்பு உடலும் பொன்னிற இறக்கையுமாக, புதுக் குத்துவிளக்கு மாதிரி இருக்கும்.

அந்த நெளிவுகளைப் பத்து சென்டிமீட்டர் இறக்கையில் கொண்டுவருவது எப்படி? ஒட்டும் அலுமினியத் தாளை இறக்கையில் போர்த்தி, இரும்பு ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை கோடு இழுத்தேன். அரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. மேலிறக்கை, கீழிறக்கை, ஒவ்வொன்றிலும் மேல்பக்கம், அடிப்பக்கம். கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள், நான் பாதியில் போட்டுப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். மேலிறக்கையின் இடப்பாதியில் ஸ்கேல் வழுக்கிக் கோடுகள் சாய்ந்துவிட்டன. தாளை உரித்துவிட்டு முதலிலிருந்து. நிஜத்தின் 1/72 அளவில் இந்த நெளிவு கண்ணுக்கே தெரியக்கூடாது என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது என் இறக்கை மினுங்குவதை அவர்கள் பார்த்ததில்லை.

வண்ணத்துக்கு ஒரே ஒரு சூட்சுமம். முதலில் கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு. அது நன்றாகக் காய்ந்த பிறகு ஏர்பிரஷ்ஷில் பித்தளை வண்ணத்தை ஆவி மாதிரி, மெல்ல மெல்ல. மூன்றாவது பூச்சில் கறுப்பு மறைந்து உலோகம் எழும்பி வரும். அந்தக் கணத்தில் பால்கனியில் தனியாக நின்று “அடடா!” என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். தலைகுனிந்து வணங்கிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இறக்கைகளுக்கு இடையிலான இழுகம்பிகளுக்கு எலாஸ்டிக் நூல். நுனியில் ஒரு பொட்டு சூப்பர் க்ளூ, இழுத்து, ஒட்டி, மூச்சை விடலாம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கால்களில் ஒன்று தரைவிரிப்பில் விழுந்து இரண்டு நாள் காணாமல் போனது. என் மகளின் சாக்ஸில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர்: விமானத்தை ஒரு சின்னக் கடல்மேல் நிறுத்த வேண்டும். எஞ்சின் புரொப்பெல்லரை ஒரு பக்கம் சுழற்றினால், விமானத்தின் உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும், ஒரு மிதவை ஆழ அமுங்கும். பந்தய மிதவை விமானங்களுக்கு இது பெரிய தலைவலி. பிரிட்டனின் சூப்பர்மரீன் எஸ்.5இல் எரிபொருளையே வலப்பக்க மிதவைக்குள் வைத்துச் சமன் செய்தார்கள். என் விமானம் எஞ்சினை முடுக்கிக் கிளம்புகிற கணத்தில் இருக்கிறது. அதனால் இடப்பக்க மிதவையை ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தி வைத்தேன். நிஜ கர்ட்டிஸ் எஞ்சின் எந்தப் பக்கம் சுழன்றதோ, கற்பனை விமானத்தின் எஞ்சின் என் இஷ்டத்துக்குச் சுழலும். அந்த ஒரு மில்லிமீட்டர் செய்த மாயத்தைச் சொல்லி மாளாது. அதுவரை தட்டில் வைத்த பொருளாக இருந்தது, சட்டென்று கனம் பெற்றுவிட்டது.

கடலுக்கு ஊற்றிய எபாக்சியில் முதல் தடவை கடினப்படுத்தியின் அளவைத் தப்பாகக் கலந்துவிட்டேன். மூன்று நாளாகியும் அல்வா மாதிரி பிசுபிசுத்தது. சுரண்டியெடுத்து, தராசு வாங்கி, மறுபடி ஊற்றினேன். இப்போது ஏட்ரியாட்டிக் நீலப்பச்சையாகக் கண்ணாடிபோல் கிடக்கிறது. மிதவைகளின் பின்னால் வெள்ளை நுரை, அக்ரிலிக் ஜெல்லைப் பல்குச்சியால் குத்திக் குத்திக் கிளப்பியது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. வலப்பக்க எண் 3 கொஞ்சம் சுருங்கிவிட்டது. மேட் பெயிண்ட்மேல் நேராக டீகாலை, அதாவது எண்ணின் ஒட்டுப்படத்தை, ஒட்டிய அவசரத்தின் பலன். நீங்கள் செய்தால் டீகாலுக்கு முன் ஒரு பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கள்.