வீட்டைக் காலி செய்யச் சொல்லிக்கொடுத்த வீட்டுக்காரர்

நம்மில் பலர் இப்போது சொந்தமாக ஓர் இணையச் செயலி வைத்திருக்கிறோம். இலக்கணப் புதிர், சொற்பட்டியல், வாய்மொழிப் பயிற்சி என்று ஏதோ ஒன்று. கணினி தெரிந்த நண்பரோ பழைய மாணவரோ செய்து கொடுத்திருப்பார். அது எந்த நிறுவனத்தின் சர்வரில் ஓடுகிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. "இந்த இடம் இனிமே சரிப்படாது, மாத்திடலாம் டீச்சர்" என்று என் பழைய மாணவர் சொன்ன பிறகுதான் விசாரித்தேன். மாற்றுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள் என்று ஓர் ஆவணத்தையும் அனுப்பினார். அந்த ஆவணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அதன் பெயர் 'தி ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்'. பன்னிரண்டு விதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பக்கம். எழுதியவர் ஆடம் விகின்ஸ், ஹீரோகு நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர். நிரலை மட்டும் அனுப்புங்கள், சர்வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் 2007இல் தொடங்கிய ஹீரோகுவின் வாக்கு. அன்றைக்கு அது பெரிய விஷயம். 2010 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை 21 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு தேக்கம். எச்டிடிபி/2 என்ற நெறிமுறை 2015இல் தரமாக வெளிவந்தது. ஹீரோகுவுக்கு அது வந்து சேர்ந்தது 2024இல். 2022 ஏப்ரலில் கிட்ஹப் இணைப்புக்கான சாவிகள் திருடுபோய், அந்த இணைப்பே பல வாரங்கள் நின்றுபோனது. அதே ஆண்டு நவம்பர் 28ஆம் தேதியோடு இலவசத் திட்டமும் முடிந்தது. உலகெங்கும் எத்தனையோ சின்னச் செயலிகள் மூட்டை கட்டின.

வேடிக்கை என்னவென்றால், அப்படி மூட்டை கட்டியவர்களுக்குக் கைகொடுத்தது ஹீரோகுக்காரர் எழுதிய இந்த ஆவணம்தான்.

மூன்றாம் விதியைப் பாருங்கள். கடவுச்சொல், தரவுத்தள முகவரி போன்ற இடத்துக்கு இடம் மாறும் விவரங்களை நிரலுக்குள் எழுதாதே, வெளியே 'சூழல் மாறி'யாக வை என்கிறது. அதற்கு ஒரு சோதனையும் சொல்கிறது: இந்த நிமிடமே உன் நிரலை ஊர் முழுக்கப் பார்க்க வைத்தால் ரகசியம் ஏதாவது வெளியாகுமா? பாடநூலில் வைக்கத் தகுந்த கேள்வி இது. பள்ளியின் பெயரையும் தேதியையும் கேள்வித்தாளின் தலைப்பில் மட்டும் எழுதினால், அடுத்த ஆண்டு தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொரு கேள்விக்குள்ளும் எழுதியிருந்தால்? இந்த விதியைப் பின்பற்றிய செயலியை ரெண்டர், ஃப்ளை, ரயில்வே என எங்கே கொண்டுபோனாலும் விவரங்களை மட்டும் மாற்றி ஓடவிடலாம்.

ஆனால் எல்லா விதியையும் அப்படிப் பாராட்ட முடியவில்லை. ஆறாம் விதி, செயலி தன்னிடம் எதையும் சேமித்து வைக்கக்கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஹீரோகுவில் செயலி ஒரு நாளில் ஒரு முறையாவது மறுபடி தொடங்கும். அப்போது அதன் வட்டில் எழுதிய கோப்புகள் மறைந்துவிடும். அங்கே வேறு வழியே இல்லை. தன் வீட்டில் பரண் இல்லாத வீட்டுக்காரர், "நல்ல குடித்தனக்காரன் பரணில் சாமான் வைக்க மாட்டான்" என்று சொல்வது போலத்தான் இது. விதி தவறு என்று நான் சொல்லவில்லை. மாணவர்களின் ஒலிப்பதிவுகளைச் சர்வரின் வட்டில் போட்டு வைத்திருக்கும் ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பக்கம் அது. ஆனாலும் தன் வசதிக்குறைவை ஊருக்கெல்லாம் அறமாக்கிய இடம் எது என்று கவனித்துப் படியுங்கள்.

என் பெரிய குறை நான்காம் விதியில். தரவுத்தளம் என்பது வெளியிலிருந்து சொருகிய ஒரு பொருள். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட நிரலில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டாம், முகவரியை மாற்றினால் போதும் என்பது அதன் கருத்து. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். இந்த விதிக்கு அது அப்படியே பொருந்தும்.

எங்கள் செயலி ஹீரோகுவில் இருந்ததில்லை. வேறோர் இடம், பெயர் வேண்டாம். ஜூன் விடுமுறையில் மாற்றினோம். தரவை நகலெடுத்து, புதிய இடத்தில் ஏற்றி, முகவரியை மாற்றினோம். விதி சொன்ன மாதிரியே எல்லாம் ஓடியது. பள்ளி திறந்த வாரம் உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அகரவரிசை மாறிடுச்சா?"

பழைய இடத்தில் மரம், மலர், மறம், மனம் என்று முறையாக நின்ற சொற்கள், புதிய இடத்தில் மனம், மரம், மறம், மலர் என்று நின்றன. பவளத்துக்கு முன்னால் பழம் வந்துவிட்டது. வகுப்பில் ர, ற வேறுபாட்டுக்கு நான் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குகிறவள். என் பட்டியலே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிள்ளைகளுக்குத் தவறான வரிசையைக் காட்டிக்கொண்டிருந்தது, அதுவும் தேர்வு ஆண்டுக்கு முந்தைய வகுப்புக்கு.

காரணம் இதுதான். யூனிகோடு தமிழ் எழுத்துகளை நம் நெடுங்கணக்கு முறையில் எண்ணிடவில்லை. இந்திய எழுத்துகளைத் தேவநாகரிக்கு இணையாக அடுக்கிய இஸ்கி முறையிலிருந்து வந்த வரிசை அது. அங்கே ந-வுக்கு அடுத்த எண் ன, ர-வுக்கு அடுத்தது ற, வ-வுக்கு முந்தியது ழ. தரவுத்தளத்தை எந்த மொழி வரிசையோடு தொடங்கினோம் என்பது ஓர் அமைப்பு. 'சி' என்ற அமைப்பில் தொடங்கினால் அது எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும். இந்த அமைப்பு முகவரியில் இருக்காது. முகவரியை மட்டும் மாற்று என்று சொல்லும் விதியிலும் இருக்காது. ஆங்கிலப் பட்டியல் வைத்திருப்பவர் இந்தப் பிரச்சினையை எளிதில் பார்க்கவே மாட்டார், சிறிய எழுத்து மட்டும் வைத்திருந்தால் எந்த வரிசையிலும் ஏ-க்குப் பின் பி-தான். ஆவணத்தை எழுதியவருக்கு அது தோன்றாததில் வியப்பில்லை.

சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பத்தாம் பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற தமிழ் வரிசை கிடைக்கிறது. சொற்களை எடுக்கும் கட்டளையில் அதைக் குறிப்பிட்டோம். நிரலில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றார்களே, ஒரு வரியே மாற்ற வேண்டியிருந்தது.

இன்னொன்று, காலம். நகலெடுத்த நேரத்துக்கும் புதிய இடம் திறந்த நேரத்துக்கும் இடையில் பழைய இடத்தில் ஒரு மாணவன் நாற்பது கேள்விகள் செய்திருக்கிறான். அவனுடைய மதிப்பெண் புதிய இடத்துக்கு வரவில்லை. பழைய கதவைப் பூட்டிவிட்டு நகலெடுத்திருக்க வேண்டும். டொமைன் பெயரின் காத்திருப்பு நேரத்தை முந்தைய நாளே குறைத்திருக்க வேண்டும். தவறு எங்களுடையது. பன்னிரண்டு பக்கங்களும் செயலி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றனவே தவிர, இடம் மாறும் அந்த இரவைப் பற்றிப் பேசவில்லை. அவன் நாற்பதையும் மறுபடி செய்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

2024இல் ஹீரோகு இந்த ஆவணத்தைப் பொதுவில் திருத்தத் திறந்துவிட்டது. நான்காம் விதியில் மொழி வரிசையைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லி நம்மில் யாராவது எழுதினால் நல்லது. நீங்கள் அடுத்த விடுமுறையில் இடம் மாற்றப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய நாள் மரம், மலர், மறம், மனம் ஆகிய நான்கு சொற்களையும் உங்கள் பட்டியலில் போட்டு ஒரு திரைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு இன்னொன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.