யாருடைய நூல்? – லேனார்த்தின் ‘தோ கமோ’ பற்றி ஒரு திறனாய்வு

மிஷனரியாகச் சென்று மானிடவியலாராகத் திரும்பியோருள் மொரீஸ் லேனார்த் (1878–1954) குறிப்பிடத்தக்கவர். பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து மரபினரான இவர் 1902இல் பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியாவை அடைந்து, ஹுவாயிலு பள்ளத்தாக்கில் தோ நேவா என்னும் பணித்தளத்தை நிறுவி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு கனாக் மக்களிடையே உழைத்தார். 1941இல் பாரிசில் மார்செல் மோஸ் வகித்த கல்விப் பொறுப்பை ஏற்றார். 1947இல் வெளிவந்த ‘தோ கமோ’, மெலனேசியர் ‘ஆள்’ என்பதை எவ்வாறு உணர்கின்றனர் என ஆராய்வது. தலைப்பின் பொருள் ‘மெய்யான மனிதன்’ என்பதாம். நூலின் முடிவுகளைக் காட்டிலும் அது உருவான முறையையே நாம் இங்கு ஆராய விழைகிறோம். முகப்பில் இருப்பது ஒருவர் பெயர். உள்ளே இருப்பதோ பலருடைய உழைப்பு.

லேனார்த் கேள்விகளை அடுக்கி விடைகளைக் குறித்துக்கொள்வதோடு நிற்கவில்லை. ‘நாத்தா’ எனப்பட்ட கனாக் நற்செய்தியாளரிடமும் மாணவரிடமும் குறிப்பேடுகளைக் கொடுத்து, தங்கள் மரபுகளையும் கதைகளையும் தாய்மொழியிலேயே எழுதச் செய்தார். பின்னர் அவர்களோடு அமர்ந்து சொல் சொல்லாகப் பொருள் கண்டார். 1922இல் வெளிவந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும் இத்தகைய கூட்டுழைப்பின் கனியே.

‘மீட்பு’ என்பதற்குச் சொல் தேடிய வரலாறு இதனை விளக்கும். பண்டமாற்றைக் குறிக்கும் சொற்கள் பொருந்தாதபோது, கனாக்கர் வழியாகவே ‘நாவி’ என்னும் சொல் கிடைத்தது. இரத்தம் சிந்தியதால் சாபத்திற்குள்ளான நிலத்தில் ஒரு சிறு மரத்தை நட்டு, அதை மீண்டும் வாழ்வுக்குரியதாக்கும் வழக்கம் அது. இச்சொல்லை ஈந்தவர் வெறும் தகவலாளி அல்லர். சிலுவையின் பொருளைத் தம் மண்ணில் கண்டு சொன்ன இறையியலார்.

நூலில் மிகவும் புகழ் பெற்ற பகுதி, போயசூ எரிஜிசி என்பவரோடு நிகழ்ந்த உரையாடலாகும். ஐரோப்பியர் கனாக்கருக்கு ஆவி என்னும் கருத்தைக் கொணர்ந்தனர் போலும் என்ற பொருள்பட லேனார்த் கூறவே, எரிஜிசி அதனை மறுத்து, ஆவியைத் தாங்கள் முன்பே அறிந்திருந்ததாகவும், தங்களுக்குப் புதிதாக வந்தது உடல் என்னும் கருத்தே என்றும் பதிலிறுத்தார். தம் எதிர்பார்ப்பைக் கவிழ்த்த விடையை மறைக்காமல் பதித்தது லேனார்த்தின் நேர்மை. எனினும், அவ்விடையை அவர் பழைய கனாக் மனத்தின் சான்றாகவே பெரிதும் கையாளுகிறார். நம் கருத்தில் அது சான்று மட்டுமன்று, தீர்ப்பு. திருச்சபையிலும் முன்னோர் மரபிலும் வாழ்ந்து, இரண்டையும் எடை போட்ட ஒருவரின் சிந்தனை அது. அதைச் சொன்னவருக்கு நூலாசிரியருக்கு இணையான இடம் உண்டு.

மற்றொரு குறையும் உண்டு. பூர்வீகக் குடிகளுக்கென 1887 முதல் 1946 வரை நியூ கலிடோனியாவில் நடப்பிலிருந்த தனிச்சட்டம் கனாக்கரை ஒதுக்கிடங்களில் அடக்கி, அவர்தம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. லேனார்த் குடியேற்றக்காரரின் கொடுமையைக் கண்டித்தவர்தாம். ஆயினும் அவர் ஐரோப்பியர், ஆசிரியர், போதகர். எழுதுகோலோ பெரும்பாலும் எழுத்தறிந்த, திருமுழுக்குப் பெற்ற ஆண்களின் கையில் இருந்தது. இத்தகைய நிலையில் எவை சொல்லப்படாமல் நின்றன என்னும் வினாவை ‘தோ கமோ’ போதிய அளவு எழுப்பவில்லை.

விளக்கத்திற்குப் பொறுப்பேற்பவரே ஆசிரியர், ஆதலின் ஒரு பெயர் போதும் என்பாருளர். பொறுப்பு ஒருவருடையதாகலாம், சிந்தனை பலருடையதாயின் அதைப் பிரித்துக் காட்டுவதே நேர்மை. பவுலின் நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியு, ரோமர் 16:22இல் தன் பெயரால் வாழ்த்துரைக்கிறான். நிருபம் பவுலுடையதே, எழுதியவன் மறைக்கப்படவில்லை.

சபைகளையும் சிற்றூர்களையும் ஆய்ந்து கட்டுரை வரையும் இறையியல் மாணவர்க்கு இந்நூல் முன்மாதிரியும் எச்சரிக்கையுமாகும். எழுதியதை அம்மக்களுக்கே வாசித்துக் காட்டுதல் வேண்டும். அவர்கள் மறுப்பதை மறுப்பாகவே பதிதல் வேண்டும். அவர்கள் விரும்பினால் பெயரைக் கூறவும், தீங்கு நேருமாயின் மறைக்கவும் வேண்டும். எரிஜிசியின் மறுமொழி இன்றும் நினைக்கப்படுவது, தம்மை ஒருவர் திருத்த லேனார்த் இடங்கொடுத்ததனாலேயே. அவ்விடத்தை இன்னும் அகலமாக்குவது நம் கடன்.