உடற்கடிகாரம்: உவமை போதுமா?

"நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது." அறிவியல் நூல்களில் இவ்வரியை நீங்கள் படித்திருப்பீர்கள். எளிய உவமைதான். ஆனால் இரண்டு இடங்களில் அது நம்மை வழிதவறச் செய்கிறது.

முதலாவது, "ஒரு" என்னும் சொல். ஆரணியை அடுத்த சேவூரில் பட்டுத்தறி ஓடும் தெருவொன்றில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு தறி. ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டம். நம் உடலும் அத்தகையதே. 1998இல் ஜெனீவாவில் ஷிப்லரின் குழுவினர், எலியின் உடலிலிருந்து பிரித்துக் கலங்களில் நெடுங்காலம் வளர்க்கப்பட்ட உயிரணுக்களுக்குச் சீரம் ஊட்டினர். அவற்றின் மரபணுக்கள் ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கின. அங்கே மூளையும் இல்லை, கண்ணும் இல்லை! ஒவ்வோர் அணுவும் தனித்தே ஓடுகிறது என்பதும், சீரம் அவற்றை ஒன்றுசேர்த்ததே என்பதும் 2004இல் தெளிவாயின.

இரண்டாவது, "கடிகாரம்" என்னும் சொல். இங்கே சுருள்வில்லும் பற்சக்கரமும் கிடையா. கிளாக், பிமால்-1 என்னும் இரு புரதங்கள் இணைந்து பெர், கிரை என்னும் மரபணுக்களை இயக்குகின்றன. அவற்றால் உண்டாகும் புரதங்கள் மெல்லப் பெருகி, உட்கருவுக்குள் நுழைந்து, தம்மை இயக்கியவற்றையே அடக்குகின்றன. பின்னர் அவை சிதைய, ஆட்டம் மீண்டும் தொடங்குகிறது. ஆகவே காலம் காட்டுவது ஒரு மரபணு அன்று. இச்சுழலில் ஏற்படும் தாமதமே.

இதைவிடப் பொருத்தமான உவமை மதுரையில் கிடைக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரனும் மாரிமுத்து முதலியோரும் சமணர் மலைக் குகையில் வௌவால்களை ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டனர். பகலிரவு தெரியாத இருட்டில் கூண்டிலிருந்த வௌவால், சுதந்திரமாகப் பறந்து திரும்பும் தன் இனத்தோடு நேரம் பிசகாமல் எழுந்தது. இனம் இல்லாத குகையில் அதன் தாளம் 24 மணியிலிருந்து நழுவிற்று. தாளம் உள்ளே பிறக்கிறது. ஒத்திசைவோ வெளியிலிருந்து வருகிறது.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? பண்டிகை நெருக்கடியில் இரவெல்லாம் தறியில் அமரும் நெசவாளியிடம், "போகப் போகப் பழகிவிடும்" என்கிறோம். ஒரே கடிகாரமானால் முள்ளைத் திருப்பிவிடலாம். ஆனால் மூளையின் தாளத்தைக் கண்வழி வரும் ஒளி திருத்துகிறது. கல்லீரலின் தாளத்தை உணவு வேளையே மாற்றிவிடுவதை 2000இல் சுண்டெலிகளிடம் கண்டனர். சுண்டெலி இரவில் உலவும் பிராணி. அதன் கணக்கை மனிதருக்கு அப்படியே எழுதிவிடக் கூடாது. எனினும் ஓர் உடலுக்குள்ளேயே தாளங்கள் பிரியக்கூடும் என்பது உறுதி. இரவுத் தறியில் கண்ணயர்பவரைச் சோம்பேறி என்னுமுன் இதை நினைத்துப் பாருங்கள்.