3,649: பட்டியலில் இல்லாத எண்

கூடைப்பந்தில் எனக்கு ஆட்டத்தைவிட எண்கள் மேல்தான் கிறுக்கு. தூக்கம் வராத இரவுகளில் பழைய ஸ்கோர் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அப்படிக் கண்ணில் பட்ட ஒரு விஷயம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் மூன்று பேர், வெவ்வேறு காலம், ஆனால் மூவரும் ஆடியது சரியாக 139 ஆட்டங்கள். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் வுட்டர்ட் (1977–81) எடுத்தது 3,649 புள்ளிகள். வாஷிங்டனின் கெல்சி பிளம் (2013–17) 3,527. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் (2020–24) 3,951.

இதை வரிசைப்படுத்து என்றால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட கிளார்க், வுட்டர்ட், பிளம் என்று எழுதிவிடுவான். ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டியலில் 2024-ல் இருந்தது கிளார்க், அடுத்து பிளம். வுட்டர்ட் பெயரே கிடையாது.

2024 பிப்ரவரி 15 அன்று மிச்சிகன் அணிக்கு எதிராக கிளார்க் நடுமைதானச் சின்னத்துக்குப் பக்கத்திலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் போனது. பிளம் சாதனை காலி. அன்று மட்டும் 49 புள்ளிகள். செய்தித் தலைப்புகளில் பெண்கள் கல்லூரி ஆட்டத்தின் எல்லாக் காலத்துக்குமான முதலிடம் என்று கொண்டாட்டம். நானும் கைதட்டியவன்தான். ஆனால் அன்றைக்கு அவர் வுட்டர்ட்டைத் தாண்டியிருக்கவில்லை. அது நடந்தது பிப்ரவரி 28, மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில். அதுதான் உண்மையான சாதனை என்கிற மாதிரி அயோவா பயிற்சியாளர் லிசா புளூடர் வெளிப்படையாகவே பேசினார். அவரும் வுட்டர்ட்டின் கடைசி வருடங்களில் கல்லூரியில் ஆடியவர், அதனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

இந்த வுட்டர்ட் யார்? கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்துக்காரர், ஆறடி உயரம். வெறும் புள்ளி எடுக்கும் இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிப்பதை ரீபவுண்ட் என்பார்கள். அதில் முதல் வருடமே நாட்டில் முதலிடம், நான்கு வருடத்தில் மொத்தம் 1,714. எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிப்பதிலும் கெட்டிக்காரர். நான்கு வருடமும் தேசிய அளவிலான சிறந்த வீராங்கனைகள் பட்டியலில் இடம். என்னைக் கேட்டால் 3,649-ஐவிட இந்த 1,714-தான் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று சொல்கிறது. புள்ளி எடுக்க உங்களைச் சுற்றி ஒரு அணியே வேலை செய்யலாம், ரீபவுண்டுக்கு நீங்களேதான் முண்டியடிக்க வேண்டும்.

சரி, இவர் எப்படிக் காணாமல் போனார்? 1970-களில் பெண்கள் விளையாட்டை என்.சி.ஏ.ஏ. நடத்தவில்லை, கண்டுகொள்ளவும் இல்லை. 1971-ல் பெண் உடற்கல்வி ஆசிரியர்கள் முன்னின்று உருவாக்கிய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கம்தான் நடத்தியது. 1972-ல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது, பெண்கள் ஆட்டம் வளர்ந்தது, தொலைக்காட்சியும் பணமும் எட்டிப் பார்த்தன. உடனே என்.சி.ஏ.ஏ.வுக்கு ஆர்வம் பிறந்துவிட்டது! 1981–82 பருவத்தில் அதுவே பெண்கள் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. வழக்குப் போட்டுத் தோற்று மூடப்பட்டது. வுட்டர்ட் கல்லூரியை முடித்தது 1981-ல். ஒரே ஒரு வருட வித்தியாசம்.

எங்கள் தொழிலில் இது அன்றாடக் கதை. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும், பழைய டேட்டாபேஸைப் புதியதுக்கு மாற்றும் வேலை நம் தலையில் விழும். ஒருமுறை நானே அப்படிச் செய்திருக்கிறேன். பழைய அட்டவணையில் சில காலங்கள் ஒத்துவரவில்லை, "இதெல்லாம் யார் பார்க்கப்போறாங்க, விட்டுடு" என்றார் மேலாளர். விட்டுவிட்டேன். இருபது வருட வாடிக்கையாளர்கள் பலர் புது சிஸ்டத்தில் நேற்று சேர்ந்தவர்களாக ஆகிப்போனார்கள். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

ஆனால் என்.சி.ஏ.ஏ. விஷயத்தில் டேட்டா ஒத்துவரவில்லை என்ற சாக்கும் எடுபடாது. மார்ச் 3 அன்று கிளார்க் பீட் மராவிச்சின் 3,667-ஐத் தாண்டினார். ஆண், பெண் இரண்டையும் சேர்த்து முதலிடம் என்று மறுபடி கொண்டாட்டம். மராவிச் 1967–70-ல் ஆடியவர். முதல் வருட மாணவர்களைப் பிரதான அணியில் ஆட அனுமதிக்காத காலம், அதனால் மூன்றே வருடம், 83 ஆட்டங்கள், சராசரி 44.2. வேறு விதி, வேறு காலம், ஆண்கள் ஆட்டம் வேறு. அதோடு ஒப்பிடலாமாம். அதே பெண்கள் ஆட்டத்தை, அதே 139 தடவை ஆடியவரோடு ஒப்பிடக் கூடாதாம். என்ன நியாயம் இது?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் அணிகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், சுலபமான ஆட்டங்கள் நிறைய. உண்மைதான். ஆனால் மராவிச் ஆடிய எல்லா எதிரணியும் புலிகளா என்ன?

இன்னொரு பக்கம், வுட்டர்ட் ஆடியது ஆண்களின் பெரிய பந்தோடு. பெண்களுக்குச் சுமார் ஒரு அங்குலம் சுற்றளவு குறைந்த பந்து வந்தது 1984-க்குப் பிறகு. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதி பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் 1987–88-ல்தான் வந்தது. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளார்க் போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் 548. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியைக் கழித்தால் 3,403. ஆஹா, வுட்டர்ட்டே முதலிடம் என்று துள்ளி, பிறகு அந்த ஃபைலை நானே அழித்துவிட்டேன். மூன்று புள்ளிக் கோடு இல்லாவிட்டால் கிளார்க் அவ்வளவு தூரத்திலிருந்து எறிந்திருக்கவே மாட்டார், கூடைக்கு அருகே போய் வேறு ஆட்டம் ஆடியிருப்பார். 2024 ஏப்ரலில் வுட்டர்ட்டும் பந்தையும் மூன்று புள்ளியையும் சுட்டிக்காட்டி, தன் சாதனை முறியடிக்கப்பட்டதாக நினைக்கவில்லை என்று பேசினார். பிறகு கிளார்க்கை மதிப்பதாகவும், காலங்களை ஒப்பிடுவது கடினம் என்றும் விளக்கம் கொடுத்தார். இரண்டாவதாகச் சொன்னதுதான் சரி. ஆனால் முதலில் சொன்னதன் வலி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கல்லூரிக்குப் பிறகும் அவருக்குக் காலம் ஒத்துழைக்கவில்லை. 1980 ஒலிம்பிக் அணியில் தேர்வானார், அமெரிக்கா மாஸ்கோவைப் புறக்கணித்தது. அமெரிக்காவில் இருந்த பெண்கள் தொழில்முறை லீக் 1981-லேயே மூடிக்கொண்டது, அதனால் இத்தாலி போனார். 1984-ல் அணித் தலைவியாக ஒலிம்பிக் தங்கம். 1985-ல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வித்தை காட்டும் அணியில் முதல் பெண். பிறகு நியூயார்க்கில் பங்குத் தரகர் வேலை. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997-ல் தொடங்கியபோது அவருக்கு 37 வயது. அப்போதும் போய் ஆடினார்.

இவருக்கும் மேலே ஒரு பெயர் உண்டு, பேர்ல் மூர். தென் கரோலினாவின் பிரான்சிஸ் மேரியன் என்ற சின்னக் கல்லூரியில் ஆடியவர். அதற்கு முன் ஜூனியர் கல்லூரியில் எடுத்த 177-ஐயும் சேர்த்தால் 4,061. கிளார்க்கையும் தாண்டிய எண். அவரது ஆட்டவாரியான ஸ்கோர்களைத் தேட ஆரம்பித்திருக்கிறேன். உருப்படியாகக் கிடைத்தால் அடுத்த பதிவு அதுதான்.