குரலுக்கு ஓர் உரைகல்

"இன்னுமா சென்ஹைசர் எச்டி 600 வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 1997-இல் வந்த ஹெட்ஃபோன் அது. அதே கம்பெனியிலிருந்து 2003-இல் எச்டி 650 வந்தது, 2009-இல் எச்டி 800 வந்தது. கலிஃபோர்னியாவின் ஆடிஸி பிளானர் ஹெட்ஃபோன்கள் வந்தன. பலவற்றைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மிக்ஸில் குரலை எங்கே உட்கார வைப்பது என்று முடிவெடுக்கும் நேரத்தில், கை அந்தச் சலவைக்கல் புள்ளி போட்ட நீலப் பட்டையைத்தான் தேடிப் போகிறது.

காரணம் அதன் மிட்ஸ். ஓர் ஆலாபனையைக் கேளுங்கள். 'த' என்று எடுக்கும்போது நாக்கு பல்லைத் தொட்டு விலகுவது, தார ஸ்தாயிக்கு ஏறுகையில் தொண்டை லேசாக இறுகுவது, மூச்சு தீரும் இடத்தில் கார்வை மெலிவது எல்லாம் அதனதன் அளவில் கேட்கும். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இந்த ஹெட்ஃபோன் கொஞ்சம் முன்னால் நிற்கும் என்பது உண்மைதான். அதையே நான் நல்லதாக எடுத்துக்கொள்கிறேன். குரலின் கீச்சு ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. ஒரு முறை வாய்ப்பாட்டுக் கச்சேரி ஒன்றை மிக்ஸ் செய்தபோது குரல் பின்னாலேயே நின்றது. ஃபேடரை ஏற்ற ஏற்ற எரிச்சல்தான் கூடியது. வயலினில் அந்த 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் 2 டெசிபல் மட்டும் குறைத்தேன். குரலைத் தொடவே இல்லை, தானாக முன்னால் வந்து நின்றது. இடித்துக்கொண்டிருந்தது வயலின் என்று காட்டிக்கொடுத்தது இந்த ஹெட்ஃபோன்தான்.

650 இதமானது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ராத்திரி படுக்கப் போகுமுன் பாட்டுக் கேட்க அதுதான் சுகம். ஆனால் பாட்டை இதமாகக் காட்டுகிற கருவி என் தவறையும் இதமாகவே காட்டும். ஆடிஸி எல்சிடி-எக்ஸ்காரர்கள் பேஸைச் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே 600 சரிந்துவிடும், கிக் டிரம்மின் அடிவயிற்றை அதில் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் அந்த இடத்தை மீட்டரிலும் ஸ்பீக்கரிலும் சரிபார்த்துக்கொள்கிறேன். ஆனால் 600 கிராமைத் தாண்டும் ஹெட்ஃபோனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் கழுத்துதான் முதலில் களைக்கும். எச்டி 600-இன் எடை சுமார் 260 கிராம்.

ஹெட்ஃபோனில் மிக்ஸே செய்யக் கூடாது என்று சொல்லும் ஸ்பீக்கர் பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இடது சேனல் இடது காதுக்கு மட்டுமே போவதால் பேனிங் அகலமாகத் தெரியும், ரிவர்ப் தெளிவாகக் கேட்பதால் கை தானாகக் குறைத்து வைக்கும். இரண்டையும் நானும் அனுபவித்தவன். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வேலை செய்வது பத்துக்குப் பத்து அறையில். அந்த நீளத்துக்கு அறை 56 ஹெர்ட்ஸில் முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் முழக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒரு நாற்காலியில் பேஸ் வெள்ளமாக இருக்கும், இரண்டடி தள்ளினால் வறண்டு போகும். அந்த அறை சொல்லும் பொய்யை விட, தெரிந்த ஹெட்ஃபோனின் தெரிந்த குறை எவ்வளவோ மேல். மிக்ஸிங் இன்ஜினியர் ஆண்ட்ரூ ஷெப்ஸ் விலை குறைந்த சோனி எம்டிஆர்-7506-இல் மிக்ஸ் செய்கிறார். அந்த ஹெட்ஃபோன் என் காதுக்கு ஒத்துவராது. ஆனால் அதன் ஒவ்வொரு குணமும் அவருக்கு அத்துப்படி, அதுதான் விஷயம்.

ஒரே கருவியை அப்படி அறிந்துவைக்கும் பழக்கம்தான் இப்போது அருகிவருகிறது. மாதம் ஒரு ஹெட்ஃபோன் மாற்றுகிறார்கள். 300 ஓம் ஹெட்ஃபோனை நல்ல ஆம்ப் இல்லாமல் லேப்டாப்பில் செருகிவிட்டு 'உயிரே இல்லை' என்கிறார்கள். மாஸ்டரிங் என்றால் லிமிட்டரில் நசுக்குவது என்றாகிவிட்டது. ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 லஃப்ஸுக்கு இறக்கித்தான் ஒலிக்க வைக்கிறது என்று தெரிந்தும் நசுக்குகிறார்கள். அப்படி நசுங்கிய மிருதங்கத்தில் சாப்பும் 'நம்'மும் ஒரே உயரத்தில் நிற்கும். வாசித்தவர் விரலில் வைத்திருந்த வித்தியாசமெல்லாம் போன இடம் தெரியாது.

எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. ஒரு காலத்தில் ஆறு மாதமாக என் மிக்ஸ்கள் எங்கேயோ தப்பின. வெளியே எந்த ஸ்பீக்கரில் கேட்டாலும் குரல் நான் வைத்த இடத்தில் இல்லை. காதில் கோளாறோ என்று பயந்தே போனேன். நண்பரிடம் புது 600 இருந்தது, பக்கத்தில் வைத்துக் கேட்டதும் புரிந்துவிட்டது. என் இயர்பேட் அமுங்கிப் போயிருந்தது. வெல்வெட் துணிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் அப்பளமாகத் தட்டையாகியிருந்தது, காது டிரைவரை ஒட்டிக்கொண்டிருந்தது. காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறைந்தால் பேலன்ஸே மாறிவிடும். அது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால் போட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது.

இந்த ஹெட்ஃபோனின் பெருமையை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். பேட், அதற்குள் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் வட்டம், கேபிள், டிரைவர் என்று ஒவ்வொன்றும் கையாலேயே கழன்று வரும், ஒவ்வொன்றையும் தனியாக வாங்கலாம். புது பேடை விளிம்பில் வைத்து அழுத்தினேன். சுற்றிலும் 'டிக் டிக்' என்று உட்கார்ந்தது. பழைய பாட்டைப் போட்டேன். குரல் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. பேட்டரி செத்ததும் குப்பைக்குப் போகும் இன்றைய ப்ளூடூத் சாமான்களில் இதை எதிர்பார்க்க முடியுமா?

அடுத்த ஹெட்ஃபோனுக்குப் பணம் சேர்க்கிறவர்கள் அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது வைத்திருப்பதன் இயர்பேடைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். உடனே மேலே எழும்பவில்லை என்றால், முதலில் அதை மாற்றுங்கள்.