ஏழையின் உயிரும் இறையியலின் தராசும்

நோயாளி ஒருவன் படுக்கையிலே கிடக்கிறான். மருத்துவம் உண்டு, அதனால் விளையும் வேதனையும் உண்டு. பிழைக்கவும் கூடும், பிழையாமலும் போகக்கூடும். "இந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாம்" என்று அவன் மறுத்தால் அது பாவமா, உரிமையா? இந்தக் கேள்விக்குக் கத்தோலிக்க இறையியலார் நானூறு ஆண்டுகளாக எழுதிக் குவித்த விடைகளைத் திரட்டி ஆராய்ந்தவர், டேனியல் குரோனின் எனும் அமெரிக்கப் பாதிரியார். 1958ஆம் ஆண்டு, உரோம் நகரத்துக் கிரிகோரியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்காக அவர் அளித்த ஆய்வேடு அது. 1989இல் அமெரிக்காவில் மறுபதிப்பும் கண்டது. ஆய்வாளர் பின்னாளில் ஹார்ட்ஃபோர்டு நகரின் பேராயராக உயர்ந்தார்.

பாதிரியார் எழுதிய ஏட்டிலே பகுத்தறிவாளருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை இருக்கிறது, தோழர்களே! நம்பிக்கை பேசுவதாகச் சொல்லப்படும் இடத்தில் உண்மையில் பேசுவது எது என்று கண்டறிவதும் பகுத்தறிவின் பணிதான்.

ஏட்டின் அடித்தளம் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். தற்கொலை கூடாது என்பதற்கு அவர் மூன்று காரணம் சொன்னார்: அது இயற்கைக்கு மாறு; சமுதாயத்திற்குத் தீங்கு; உயிர் ஆண்டவன் அளித்த கொடை, அதன்மீது அதிகாரம் அவனுக்கே. மூன்றாவது காரணத்தை உற்றுப் பாருங்கள். உயிர் ஆண்டவனின் உடைமை, மனிதன் வெறும் காவலாளி என்றால், என்ன விலை கொடுத்தும், எத்துணை வதைபட்டும் காவலாளி அதைக் காத்தே தீரவேண்டும் என்றல்லவா முடிவு வரவேண்டும்? அந்த முடிவுக்கு இறையியலார் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் குரோனினின் ஏடு, அவர் நினைத்ததைவிடத் தெளிவாக, நமக்குக் காட்டுகிறது.

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா எழுதினார்: விலையுயர்ந்த கோழிக்கறியைத் தின்றால் நீண்டநாள் வாழலாம் என்று மருத்துவர் சொன்னாலும், அதைத் தின்றே ஆகவேண்டும் என்ற கடமை எவனுக்கும் இல்லை. உணவை விழுங்குவதே சித்திரவதையாகிவிட்ட நோயாளி, பிழைக்கும் நம்பிக்கையும் அற்ற நிலையில், உண்ண மறுத்தால் அவனைப் பெரும்பாவி என்று சொல்வதற்கில்லை. டொமிங்கோ டி சோட்டோ இன்னும் ஒருபடி சென்றார். கையையோ காலையோ வெட்டியெடுக்கும் கொடுவலியைத் தாங்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்றார். அந்த நூற்றாண்டின் இறுதியில் டொமிங்கோ பான்யெஸ் இவற்றுக்குப் பெயர் சூட்டினார்: இயல்பான வழி, இயல்புக்கு மிஞ்சிய வழி. முன்னது கடமை, பின்னது விருப்பம்.

இந்த விலக்குகள் எங்கிருந்து பிறந்தன? வேத வசனத்திலிருந்தா? மயக்கமருந்து இல்லாத காலத்தில், அறுவைக் கத்தியின் கீழ் அலறிய மனிதனின் குரலிலிருந்து பிறந்தன! 1846ஆம் ஆண்டு அக்டோபரில், பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதர் கொடுத்து வலியின்றி அறுவை செய்து காட்டினார்கள். அதன்பின் கிருமிநீக்க முறையும் வந்தது. சோட்டோவின் காலத்தில் 'இயல்புக்கு மிஞ்சியது' என்று ஒதுக்கப்பட்ட அறுவை, மெல்ல மெல்ல 'இயல்பான' வழியாயிற்று. பாவத்துக்கும் பாவமின்மைக்கும் இடையே போட்ட கோட்டை நகர்த்தியது யார்? ஆலயத்தில் கேட்ட அருள்வாக்கா? ஆய்வுக்கூடத்துப் புட்டி!

குரோனினின் சிறப்பு இங்கே இருக்கிறது. எந்த மருந்தையும் கருவியையும் தனியே எடுத்துவைத்து, 'இது இயல்பு, அது மிஞ்சியது' என்று முத்திரை குத்த முடியாது என்பதை அவர் ஐயமற நிறுவுகிறார். நோயாளி யார், அவனுக்குப் பயன் உண்டா, பாரம் எவ்வளவு என்று கேட்டே முடிவு காணவேண்டும். 1957 நவம்பரில் மயக்கவியல் மருத்துவர்களிடையே பேசிய போப் பன்னிரண்டாம் பயசும், ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றைப் பொறுத்ததே கடமை என்றார். இந்த நெறியை நாம் பாராட்டலாம், பாராட்டவேண்டும். மனிதனை அளவுகோலாகக் கொண்ட நெறி அது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1975இல் கரேன் ஆன் குயின்லன் எனும் இளம்பெண் நினைவிழந்தாள். மூச்சுக் கருவியை நீக்க இசைவு கேட்டு வழக்காடினார் கத்தோலிக்கரான தந்தை. போப்பின் உரையை எடுத்துக்காட்டி அவர் பக்கம் நின்றார் அவ்வூர் ஆயர். 1976 மார்ச் 31 அன்று மாநில உச்சநீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பின் அடிப்படை போப்பின் உரை அன்று. அரசமைப்புச் சட்டம் வழங்கும் தனியுரிமை. மதமும் சட்டமும் ஒரே முடிவுக்கு வந்தன. ஆனால் மதத்தை ஏற்காதவருக்கும் பொதுவான காரணத்தைச் சொன்னது சட்டமே.

அந்த நெறியிலும் திருச்சபை உறுதியாக நிற்கவில்லை. 2004 மார்ச்சில் போப் இரண்டாம் ஜான்பால், நினைவு திரும்பாத நோயாளிக்குக் குழாய்வழி உணவும் நீரும் கொடுப்பது கொள்கையளவில் இயல்பான வழியே, கடமையே என்றார். நோயாளியைப் பார்த்துப் பேசிய மரபு, பொருளைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டது! விழுங்க இயலாதவனிடம் இரக்கம் காட்டிய விட்டோரியாவை, அவருடைய சபையின் தலைவருக்கே நினைவூட்ட வேண்டிய நிலை.

இனி, இந்த மரபின் பெருங்குறைக்கு வருவோம். இயல்புக்கு மிஞ்சியது எது என்று சொல்லும் பட்டியலில் வலியோடு செலவும் இருக்கிறது. உயிரைக் காக்கத் தன் சொத்து முழுவதையும் கொடுக்கவேண்டிய கடமை எவனுக்கும் இல்லை என்றார் விட்டோரியா. கேட்க இனிக்கிறது. அதன் பொருள் என்ன? செல்வனுக்கு இயல்பான மருந்து, ஏழைக்கு இயல்புக்கு மிஞ்சியதாகிறது. மருந்து வாங்க வக்கற்ற ஏழை, பாவம் சேராமல் சாகலாம்! அவனுக்குப் பாவமன்னிப்பு உண்டு, பெனிசிலின் இல்லை.

17ஆம் நூற்றாண்டின் ஹுவான் டி லூகோ ஓர் உவமை சொன்னார். எரித்துக் கொல்லத் தீர்ப்பிடப்பட்ட ஒருவனைச் சுற்றித் தீ எரிகிறது. கையிலே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அதை ஊற்றினாலும், அடுத்த விறகு வந்து எரியும்வரை சற்று நேரமே உயிர் நீளும். அப்படியிருக்க, ஊற்றியாக வேண்டிய கடமை அவனுக்கு இல்லை என்பது அவர் முடிவு. முடிவு சரிதான். ஆனால், நெருப்பு மூட்டியவன் யார், விறகு சுமந்து வருகிறவன் யார் என்று அந்த உவமையில் கேள்வியே இல்லை. எரிகிறவனின் கடமையை எடை போட்ட தராசு, எரிக்கிறவனின் கடமையை எடை போடவில்லை. மருந்தின் விலையைப் பற்றிப் பேசும்போதும் அதே மௌனம்! விலை ஏதோ வானத்திலிருந்து விழுந்ததுபோல எடுத்துக்கொண்டு, அதைத் தாங்க முடியாதவனுக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

"திருச்சபை ஏழைகளுக்கு மருத்துவமனைகள் கட்டியதே" என்பார்கள். கட்டியது, அந்தத் தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தருமம் கொடுப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது. உரிமை பெறுபவரின் பிறப்போடு வருவது. மருந்து எல்லார்க்கும் எட்டும் சமுதாயத்தில்தான் "எனக்கு இது வேண்டாம்" என்று ஒருவன் சொல்வது அவனுடைய உண்மையான விருப்பம். எட்டாத சமுதாயத்தில் அதே சொல், வறுமை அவன் வாயால் பேசும் பேச்சு.

குரோனினின் ஏடு படிக்கவேண்டிய ஏடு. வதைபடும் மனிதனை மேலும் வதைக்காதே என்று சொல்ல, மதத்திற்குள்ளேயே சிலர் அறிவைத் துணைக்கழைத்த வரலாறு அதில் இருக்கிறது. அந்த அறிவை நாம் ஏற்போம். அவர்கள் கேளாமல் விட்ட கேள்வியை நாம் கேட்போம்: அவன் மறுத்தது சிகிச்சையையா, விலையையா?